ஏலத்தில் பிறந்த தலைநகரம்
(சமூக அறிவியல்: உயர்தொடக்க, உயர்நிலை வகுப்புகளுக்கான துணைப்பாடம்)

அமெரிக்காவின் இண்டியானா மாநில வரைபடத்தை வகுப்பில் விரித்தால் மாணவர்கள் முதலில் கேட்பது, "ஏன் சார் இங்கே எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது?" என்பதுதான். நம் ஊர் எல்லைகள் வாய்க்காலையும் வரப்பையும் ஒட்டி வளைந்து போகும். அங்கே சாலையும் வயலும் ஊரும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. இந்த ஒரு கேள்வியைக் கொண்டே இரண்டு பாடவேளைகளை நான் அமைத்துக்கொள்கிறேன். வரலாறு, புவியியல், குடிமையியல், கணக்கு நான்கும் இதில் சேர்ந்து வருகின்றன.

பாடத்தின் மையக் கருத்து

மக்கள் குடியேறி, ஊர் வளர்ந்து, பிறகு மனைக்கு விலை ஏறுவதுதான் நாம் அறிந்த வரிசை. ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே இந்த வரிசை தலைகீழாக நடந்தது. முதலில் அளந்தார்கள், அடுத்து விற்றார்கள், அதன் பிறகே ஊர் வந்தது. தலைநகரங்கள்கூட அப்படித்தான் வந்தன.

பின்னணி

1783இல் விடுதலைப் போர் முடிந்தபோது புதிய அமெரிக்க அரசுக்குக் கடன் மிகுதி. அன்றைய காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. நிலத்தை விற்றுப் பணம் திரட்ட அது முடிவு செய்தது. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட சதுரங்களாக நிலம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரமும் ஒரு ‘டவுன்ஷிப்’. அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 ‘செக்‌ஷன்’கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர்.

செயல்பாடு 1: கட்டம் வரைதல்

ஒவ்வொரு குழுவும் ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்து எண்ணிட வேண்டும். 1796இல் வந்த முறைப்படி, வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை செல்ல வேண்டும். அடுத்த வரிசையில் 7 முதல் 12 வரை கிழக்கே திரும்ப வேண்டும். ஏர் உழும் மாடு திரும்புவதுபோல் என்று சொன்னால் கிராமத்துப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இப்போது 16ஆம் கட்டத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறேன். அது ஏறக்குறைய நடுவில் வரும். அந்த ஒரு செக்‌ஷனை டவுன்ஷிப்பின் பள்ளிக்கென 1785ஆம் ஆண்டுச் சட்டமே ஒதுக்கியிருந்தது. பள்ளியைக் கட்டும் இடம் அது என்று மாணவர்கள் நினைப்பார்கள். அந்த நிலத்தின் வருவாய் பள்ளிக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே நோக்கம் என்று விளக்க வேண்டும்.

செயல்பாடு 2: யாரால் வாங்க முடிந்தது?

1785இல் குறைந்தபட்சம் 640 ஏக்கர், ஏக்கருக்கு ஒரு டாலர். 1800இல் குறைந்தபட்சம் 320 ஏக்கர், ஏக்கருக்கு இரண்டு டாலர். கால்பங்கைக் கட்டிவிட்டு மீதியைத் தவணையில் செலுத்தலாம். 1820இல் 80 ஏக்கர், ஏக்கருக்கு 1.25 டாலர், முழுத் தொகையும் ரொக்கம். மூன்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடச் சொன்னால் 640, 640, 100 என்று விடை வரும். முதல் இரண்டு தொகையும் ஒன்றாக இருக்க, 1800இல் ஏன் கூட்டம் கூடியது? "தவணை, சார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தத் தவணையே 1819 பொருளாதார நெருக்கடியில் பலரைக் கடனில் தள்ளியது. 1820இல் கடன் முறை நிறுத்தப்பட்டதன் காரணம் அப்போது தானாக விளங்கும்.

தலைநகரங்களின் கதை

1816இல் இண்டியானா மாநிலமானபோது, தலைநகருக்காகக் காங்கிரஸ் நான்கு செக்‌ஷன் நிலத்தை அளித்தது. அதாவது 2,560 ஏக்கர். 1820இல் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஒயிட் ஆற்றங்கரையில் இடம் தேர்வானது. அப்போது அங்கே பெரும்பாலும் காடு. 1821இல் அலெக்சாண்டர் ரால்ஸ்டன் ஒரு சதுர மைலுக்கு மனைப்பிரிவு வரைந்தார். நடுவில் ஒரு வட்டம். அதை நோக்கி நான்கு சாய்வுத் தெருக்கள். அவர் முன்பு வாஷிங்டன் நகர அளவைப் பணியில் இருந்தவர். அதே ஆண்டு மனைகள் ஏலத்துக்கு வந்தன. அந்தப் பணத்தில் அரசுக் கட்டடங்கள் எழும்பவேண்டும் என்பது திட்டம். 1824இன் இறுதியில் பழைய தலைநகரான கோரிடனிலிருந்து மாநிலக் கருவூலம் குதிரை வண்டியில் புறப்பட்டுக் காட்டு வழியே இண்டியானாபொலிஸ் வந்தது.

திட்டமிட்டபடி எல்லாம் நடக்கவில்லை. ஒயிட் ஆற்றில் படகுப் போக்குவரத்து வளரும் என்று நம்பினார்கள். 1831இல் வந்த நீராவிப் படகு தரைதட்டி நின்றது. 1847இல் ரயில் வந்த பிறகே நகரம் வேகமாக வளர்ந்தது.

அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டால் பாடம் இன்னும் தெளிவாகும். ஒஹையோவில் நான்கு நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் அரசுக் கட்டடங்களுக்கு இடமும் பணமும் தர முன்வந்தார்கள். 1812இல் கொலம்பஸ் பிறந்தது. சுற்றியிருந்த மனைகளை விற்று இலாபம் பார்ப்பது அவர்கள் கணக்கு. இல்லினாயில் காங்கிரஸ் தந்த நிலத்தில் வண்டேலியா உருவானது. 1820 முதல் 1839 வரை மட்டுமே அது தலைநகராக நீடித்தது. தலைநகரை ஸ்பிரிங்பீல்டுக்கு மாற்ற உழைத்த சட்டமன்ற உறுப்பினர்களில் இளம் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர்.

விடக்கூடாத கேள்வி

இந்தப் பாடத்தில் "காலி நிலம்" என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதுவதில்லை. இண்டியானாபொலிஸ் இருக்கும் பகுதி லெனாபி, மயாமி போன்ற பழங்குடி மக்களின் வாழ்விடம். 1818இல் செயின்ட் மேரிஸ் ஒப்பந்தங்கள் வழியாக அந்நிலம் அரசின் கைக்கு வந்தது. லெனாபி மக்களுக்கு வெளியேற மூன்று ஆண்டுகள் கெடு. கெடு முடிந்த 1821ஆம் ஆண்டிலேதான் மனை ஏலமும் நடந்தது. இரண்டு நிகழ்வுகளையும் காலக்கோட்டில் அருகருகே குறிக்கச் சொல்லுங்கள். மற்ற எந்த விளக்கத்தையும்விட அது மாணவர்களை அதிகம் யோசிக்க வைக்கிறது. பள்ளிக்கென ஒதுக்கிய 16ஆம் கட்டமும் அதே மண்ணில் வெட்டப்பட்டதுதான். நல்ல நோக்கமும் இழப்பும் ஒரே வரைபடத்தில் இருப்பதை மாணவர்கள் பார்க்கட்டும். தீர்ப்பை நாம் முந்திச் சொல்ல வேண்டாம்.

மதிப்பீடு

1. ஒரு டவுன்ஷிப்பின் மொத்தப் பரப்பு எத்தனை ஏக்கர்? (23,040)
2. தலைநகரை மாநிலத்தின் நடுவில் வைப்பதால் யாருக்கு நன்மை? யாருக்கு இழப்பு?
3. வண்டேலியாவில் மனை வாங்கிய ஒருவர் 1839இல் தன் உறவினருக்கு என்ன எழுதியிருப்பார்? ஒரு கடிதம் எழுதுக.
4. உங்கள் ஊரில் மனைப்பிரிவாகப் பிரித்து விற்கப்பட்ட ஒரு பகுதியைப் பார்வையிட்டு, அதற்குமுன் அங்கே என்ன இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

நான்காவது வினாவுக்கு ஒரு வார அவகாசம் கொடுப்பது நல்லது. குளம், களம், மேய்ச்சல் நிலம், புளியந்தோப்பு என்று மாணவர்கள் கொண்டுவரும் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்தால், அடுத்த பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.