பொம்மையை மறவாத விமானி

“படிக்கும் பிள்ளைக்குப் பொம்மை எதற்கு?” என்று பெற்றோர் பலர் வினவக் கேட்டிருக்கிறோம். ரைட் சகோதரர்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகிறது.

1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மில்ட்டன் ரைட் என்னும் சமயகுரு, தம் மைந்தர்களுக்குப் பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். அப்பொழுது வில்பருக்கு வயது 11, ஆர்வில்லுக்கு 7. மூங்கில், தக்கை, தாள் ஆகியவற்றால் ஆன அப்பொம்மையை இயக்கியது ஒரு ரப்பர் வளையமே. முறுக்கிய வளையம் பிரியும்பொழுது விசிறி சுழலும், பொம்மை மேலெழும். நம் பால்மரங்களின் முன்னோடிகளான ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது அதற்கு முந்திய ஆண்டாகிய 1877இல்தான் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

பொம்மை உடைந்தது. சிறுவர் இருவரும் அதைப் போன்று தாமே செய்யத் தொடங்கினர். ஆனால், பெரிதாகச் செய்தவை சரியாகப் பறக்கவில்லை. அளவை இருமடங்காக்கினால் எண்மடங்கு ஆற்றல் வேண்டும் என்னும் உண்மை அவர்களுக்குப் பின்னரே விளங்கிற்று. வளர்ந்தபின் மிதிவண்டிக் கடை நடத்திய அவ்விருவரும், தாம் உருவாக்கிய விமானத்தை 1903 டிசம்பர் 17இல் பறக்கவிட்டனர். அன்றைய முதற்பறப்பில் ஆர்வில் 12 விநாடிகளில் 120 அடி தூரம் சென்றார்.

உலகப் புகழ் பெற்ற பின்னரும் ஆர்வில்லுக்குப் பொம்மை ஆசை நீங்கவில்லை. 1925இல், தம் 53ஆம் வயதில், அவர் ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். விசைப்பலகை ஒன்று கோமாளிப் பொம்மையை மேலே எறிய, அது சுழலும் கம்பியைப் பற்றிக்கொள்ளும் வண்ணம் அதனை அமைத்திருந்தார்.

பெற்றோர்களே! விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கித் தருமாறு நாம் கூறவில்லை. பாடத்தை விட்டு விளையாடுமாறும் கூறவில்லை. பிள்ளை தன் கையால் செய்த வண்டியைக் குப்பையென்று அடுப்பில் எறிந்துவிடாதீர்கள். அதனுடன் அவனது முயற்சியும் எரிந்துபோகும். “இஃது எவ்வாறு ஓடுகிறது?” என்று ஒருமுறை கேளுங்கள். அவன் விளக்கிச் சொல்வதும் ஒரு பாடமே.

மாணவச் செல்வங்களே! நூல் தீர்ந்த கட்டையின் துளையில் ரப்பர் வளையத்தைக் கோத்து, ஒரு முனையைக் கட்டையோடு நன்கு பொருத்துங்கள். மறுமுனையில் நீண்ட குச்சி ஒன்றைச் செருகி முறுக்கித் தரையில் விடுங்கள், வண்டி நகரும். பத்து முறுக்குக்கும் இருபது முறுக்குக்கும் அது செல்லும் தூரத்தை அளந்து எழுதுங்கள். நகரவில்லையெனில் காரணத்தை ஆராய்ந்து, மீண்டும் செய்து பாருங்கள்.