விளக்கு சொன்ன சேதி

மகாராட்டிர மாநிலத்தில் நாசிக் மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் உள்ள ஊர் லாசல்காவ். அங்குள்ள வெங்காயச் சந்தை நாடறிந்தது.

அந்த வட்டாரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். வெங்காயம் ஏற்றிக்கொண்டு மும்பைக்குப் போவார். திரும்பும்போது உர மூட்டை ஏற்றி வருவார். நடுவில் கசாரா மலைப்பாதை. போகும்போது இறக்கம். வரும்போது ஏற்றம்.

அவருடைய லாரி 2018-இல் வாங்கியது. இப்போது பழைய வண்டி.

ஒரு நாள் மலை ஏறும்போது எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. உடனே வண்டியின் இழுவை குறைந்தது. வளைவில் லாரி ஊர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின. ஓட்டுநருக்கு நெஞ்சு படபடத்தது. மெல்ல ஓரம் கட்டினார். சாவியை அணைத்துவிட்டு மீண்டும் போட்டார். வண்டி சரியாக ஓடியது.

பட்டறையில் காட்டினார். சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் விளக்கு எரிந்தது. இன்னொரு சென்சார் போட்டார்கள். அதற்குப் பிறகும் எரிந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்தது.

“இரண்டு சென்சார் வாங்கியாச்சு. நீ வண்டியை முரட்டுத்தனமாக ஓட்டுகிறாய். அடுத்த செலவு உன் சம்பளத்தில்தான்” என்றார்.

ஓட்டுநர் வருத்தத்தோடு வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் வயதில் மூத்தவர்.

“அண்ணே, இன்னொரு சென்சார் போட்டுப் பார்ப்போமா?” என்று கேட்டார்.

“அவசரப்படாதே தம்பி. முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்போம்” என்றார் மெக்கானிக்.

சென்சார் என்றால் என்ன?

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புதிய வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்காகப் பல லாரிகளில் எஞ்சினைக் கணினி கவனிக்கிறது. கணினிக்குக் கண்ணும் காதும் போன்றவை சென்சார்கள். ஒன்று தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஒன்று டீசலின் அழுத்தத்தைச் சொல்லும். சேதி தவறாக வந்தால் கணினி விளக்கைப் போடும். எஞ்சின் கெடாமல் இருக்க இழுவையையும் குறைக்கும். தவறு எங்கே என்று எண்ணாகக் குறித்தும் வைக்கும்.

மெக்கானிக் ஸ்கேனரைப் பொருத்தினார். திரையில் 157, 4 என்று வந்தது.

“முதல் எண் இடத்தைச் சொல்கிறது. 157 என்றால் டீசல் ரெயில் குழாயின் அழுத்தம். இரண்டாவது எண் குறையின் வகையைச் சொல்கிறது. 4 என்றால் வோல்ட் அளவுக்குக் கீழே போய்விட்டது. 3 என்றால் அளவுக்கு மேலே. இந்த இரண்டும் மின்சாரக் குறை. 18 என்று வந்திருந்தால் உண்மையாகவே அழுத்தம் குறைவு. அப்போது டீசல் பில்டரை முதலில் பார்ப்பேன்” என்றார்.

“அப்படியானால் சென்சார்தானே கெட்டது?”

“சென்சார் கெட்டிருக்கலாம். ஒயர் கெட்டிருக்கலாம். கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் இதே எண் வரும். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் எண் சொல்லும். எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்று சொல்லாது. சரி, விளக்கு எப்போதெல்லாம் எரிகிறது?”

ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்தார். அவர் எழுதப் படிக்கக் கற்று இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. எழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருந்தன.

திங்கள். கசாரா ஏற்றம். மழை.
வியாழன். கசாரா ஏற்றம். வெயில்.
சனி. பெரிய பள்ளத்தில் இறங்கியபோது.
செவ்வாய். கசாரா ஏற்றம். உர மூட்டை.

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது.

“வெயிலிலும் வருகிறது. மழையிலும் வருகிறது. எனவே மழை மட்டும் காரணம் இல்லை. பாரத்தோடு ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும். பள்ளத்தில் குலுங்கும். எஞ்சின் அசையும்போதுதான் குறை வருகிறது. ஒயரைப் பார்ப்போம்” என்றார்.

எஞ்சினை அணைத்தார்கள். கனெக்டரைக் கழற்றினார்கள். உள்ளே பச்சைப் பாசி இல்லை. ஊசிகளும் வளையவில்லை. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு மீட்டரால் அளந்தார்கள். 5 வோல்ட் வந்தது. எர்த் சரியாக இருந்தது. கனெக்டரை மீண்டும் மாட்டினார்கள். சேதி ஒயரில் சுமார் அரை வோல்ட் காட்டியது. அதுவும் சரிதான்.

“இப்போது ஒயர்க் கட்டை மெதுவாக அசை” என்றார் மெக்கானிக்.

ஓட்டுநர் அசைத்தார். ஓர் இடத்தில் மீட்டர் சட்டென்று பூச்சியத்துக்கு இறங்கியது. அங்கே ஒயர் ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசியிருந்தது. மேல் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. எஞ்சின் சாயும்போதெல்லாம் செம்பு இரும்பைத் தொட்டது. சேதி அறுந்தது.

கெட்ட பகுதியை வெட்டினார்கள். புது ஒயரைப் பற்றவைத்து, மேலே உறை போட்டார்கள். இரும்பில் படாமல் தள்ளிக் கட்டினார்கள். பிறகுதான் ஸ்கேனரில் எண்ணை அழித்தார்கள்.

ஓட்டுநர் அடுத்த நடையில் பாரத்தோடு கசாரா ஏறினார். விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த நடையிலும் எரியவில்லை. முதலாளியிடம் நோட்டைக் காட்டினார். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“குறை உன் மேல் இல்லை” என்றார். சம்பளத்தில் பிடித்தம் செய்யவில்லை.

நினைவில் வைப்போம்

1. விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்ட வேண்டும். எண்ணெய் அழுத்தமும் எஞ்சின் சூடும் சரியா என்று பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்க வேண்டும்.

2. எண்ணை அழித்தால் குறை தீராது. அழிக்கும் முன் எழுதி வைக்க வேண்டும்.

3. நாள், இடம், ஏற்றம், பாரம், மழை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

4. சாமான் வாங்கும் முன் ஒயர், கனெக்டர், எர்த் மூன்றையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

5. எஞ்சின் ஓடும்போது டீசல் ரெயில் குழாயைக் கழற்றவே கூடாது. லாரி டயரில் காற்றழுத்தம் சுமார் 8 பார். பாரம் இழுக்கும்போது அந்தக் குழாயில் 1,000 பாருக்கு மேல் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேசுவோம்

இரண்டு சென்சார்கள் மாற்றியும் விளக்கு ஏன் எரிந்தது?

நோட்டில் இருந்த எந்த வரி மழை மட்டும் காரணம் இல்லை என்று காட்டியது?

உங்கள் வேலையில் எதையெல்லாம் எழுதி வைக்கலாம்?