பிள்ளையின் முன்பல் வேரோடு கழன்றால் என்ன செய்வது?

சில காலத்துக்கு முன் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைத் தாயார் எமது சிகிச்சை நிலையத்துக்கு அழைத்து வந்தார். சைக்கிளில் இருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்றிருந்தது. தாயார் பல்லைத் தேய்த்துக் கழுவி, டிஸ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். விபத்து நடந்து இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது. அவர் அக்கறையோடுதான் அப்படிச் செய்தார். ஆனால் பல்லுக்குத் தேவைப்பட்டது வேறு.

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. பல்லைத் தாடை எலும்புடன் பிணைத்து வைத்திருப்பது இதுவே. பல் காய்ந்து கிடந்தால் இதிலுள்ள உயிரணுக்கள் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். தேய்த்தால் படலமே உரிந்துவிடும்.

எனவே பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. முதலில் பிள்ளையைக் கவனியுங்கள். மயக்கம், வாந்தி, கடும் தலைவலி இருந்தால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.

2. விழுந்தது பாற்பல்லா, நிரந்தரப் பல்லா என்று பாருங்கள். மேல் நடு முன்பற்கள் இரண்டும் பொதுவாக 7 - 8 வயதில் புதிதாக முளைக்கின்றன. பாற்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் பல் பழுதாகலாம். ஊர் வழக்கப்படி அதைக் கூரையில் எறியலாம்!

3. நிரந்தரப் பல்லாயின் வெண்மையான மேற்பகுதியில் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள். அழுக்கிருந்தால் பாலில் மெதுவாக அலசுங்கள். பால் இல்லையெனில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 10 விநாடிகள் போதும்.

4. பிள்ளை தெளிவாக இருந்தால், பல்லை அது இருந்த குழியிலேயே சரியான பக்கம் பார்த்து வைத்து, சுத்தமான கைலேஞ்சியை மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள்.

5. வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடுங்கள். பால் கிடைக்காவிட்டால் பிள்ளையின் உமிழ்நீரில் வையுங்கள். தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம்.

6. உடனே பல் வைத்தியரிடம் செல்லுங்கள். அவர் பல்லை அருகிலுள்ள பற்களோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குக் கட்டி வைப்பார். ஏற்பூசி போட்ட விபரத்தையும் கூறுங்கள்.

பல் உடைந்திருந்தால் துண்டைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். பல வேளைகளில் அதையே ஒட்டலாம். நேரம் பிந்தினாலும் பல்லை எறியாமல் கொண்டு போங்கள்.

விளையாட்டுக்குச் சப்பாத்து வாங்கும்போது பற்காப்பு உறையையும் வாங்குங்கள். முன்பல் மிதப்பான பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம்.

அச்சிறுவனுக்குப் பல் வைத்தியர் பல்லை மீண்டும் பொருத்தினார். ஆயினும் வேர் சிறிது சிறிதாகக் கரையக்கூடும் என்பதால் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அன்று எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு கோப்பை பால் உதவியிருக்கும். இப்பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். அம்மம்மா, அப்பப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.