அலுவலக மின்னஞ்சல் எழுதக் கற்போம்

முன்னுரை

பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதம் எழுதும் பயிற்சி நம் எல்லோருக்கும் உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, இடம், நாள் என்று வரிசை தவறாமல் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். தேர்வு முடிந்ததும் அதை மறந்தும் விடுகிறோம். ஆனால், நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் பணிபுரியப் போகிறோம். அங்கே நாள்தோறும் எழுத வேண்டியது இதே கடிதத்தைத்தான். தாளும் உறையும் போய் மின்னஞ்சல் வந்திருக்கிறது, அவ்வளவே. அதை எப்படி எழுதினால் காரியம் நடக்கும், எப்படி எழுதினால் வம்பு வந்து சேரும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

செஞ்சிக் கோட்டையும் கடிதமும்

நம் ஊர்க் கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. மராத்தியர் வரலாற்றோடு தொடர்புடையவை என்று அப்போது சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. 1689இல் சிவாஜியின் மகன் இராஜாராம் இங்கு வந்து தங்கினார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அக்காலத்தில் மராத்திய நாட்டின் நிர்வாகத்தை இராமச்சந்திர பந்த் என்ற அமைச்சர் அங்கிருந்தே கவனித்தார். அரசர் இங்கே, அரசாங்கம் வெகுதொலைவில்! இரண்டையும் இணைத்தவை தூதர்கள் சுமந்து சென்ற கடிதங்களே. அதில் ஒரு சொல் விளங்காவிட்டால், திரும்பக் கேட்டு விடை பெற எத்தனை நாள் ஆகியிருக்கும்! இன்று நம் கடிதம் நொடியில் போய்ச் சேருகிறது. வேகம் கூடியிருக்கிறதே தவிர, தெளிவாக எழுத வேண்டிய கடமை குறையவில்லை.

மின்னஞ்சல் வந்த விதம்

1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். பெயரையும் கணினியையும் பிரிக்க '@' என்ற குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இணையச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. எனவே, மின்னஞ்சல் வெறும் பேச்சு அன்று. அது ஓர் ஆவணம்.

நான்கு கட்டங்கள்

மின்னஞ்சலைத் திறந்தவுடன் தெரியும் கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

1. பெறுநர்: யார் அந்த வேலையைச் செய்ய வேண்டுமோ அவர் பெயர் மட்டும் இங்கே வரவேண்டும். ஐந்து பேருக்கு அனுப்பினால், மற்றவர் செய்வார் என்று ஐவரும் இருந்துவிடுவர்.

2. நகல்: தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்துப் படி எடுத்த நாள்களை நம் பெற்றோர் அறிவர். அந்தப் படிதான் இது. செய்தியைத் தெரிந்துகொண்டால் போதும் என்பவருக்கு உரியது. சிறு தவறுக்கெல்லாம் மேலதிகாரிக்கு நகல் அனுப்புவது கோள் சொல்வதற்கு ஒப்பாகும். ஆனால், இருமுறை நினைவூட்டியும் வேலை நடக்காதபோது அவருக்கு நகல் அனுப்புவது முறையே.

3. மறைநகல்: ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது, அவர்களுடைய முகவரிகள் வெளிப்படாமல் காக்க இது உதவும். ஒளிந்து நின்று பிறரைக் காட்டிக் கொடுக்க இதைப் பயன்படுத்தலாகாது.

4. பொருள்: 'வணக்கம்', 'அவசரம்' என்றெல்லாம் எழுதினால் பயனில்லை. ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்படி, செய்தியும் நாளும் அதில் இருக்கவேண்டும். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு பொருளே நல்லது.

எழுதாக் கணக்கு

"எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பது பழமொழி. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் ஒரு தனியார் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறார். பட்டியலை ஐந்து நாள் தாமதித்து அனுப்பும்படி மேலாளர் வாய்மொழியாகச் சொன்னார். பிறகு தணிக்கையின்போது, தாமதத்துக்கு விளக்கம் கேட்டு இவருக்கே கடிதம் வந்தது. மேலாளர் தாம் அப்படிச் சொன்ன நினைவே இல்லை என்றுவிட்டார். அன்று முதல் அத்தாயார் வாய்மொழி உத்தரவு ஒவ்வொன்றையும் அன்று மாலையே மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்கிறார். அதன் மாதிரி வருமாறு:

பொருள்: ஜூன் மாத இருப்புப் பட்டியல் – 15ஆம் தேதி அனுப்புதல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இன்று காலை தாங்கள் நேரில் கூறியவாறு, மேற்படி பட்டியலை 10ஆம் தேதிக்குப் பதிலாக 15ஆம் தேதி அனுப்புகிறேன். மாற்றம் இருப்பின் நாளை மாலைக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதில் குற்றச்சாட்டு இல்லை, கோபம் இல்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார், என்ன செய்யப்போகிறோம் என்பது மட்டும் உண்டு. மீண்டும் ஒருமுறை கேள்வி எழுந்தபோது, அந்த மடலே அவருக்காகப் பேசியது. உத்தரவு இடுபவரைவிட, உத்தரவைக் கேட்டு நடப்பவருக்கே எழுத்தின் துணை மிகுதியும் தேவை என்பதை இதனால் அறிகிறோம்.

சட்டமும் எழுத்தும்

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மின்னணு வழியிலும் விண்ணப்பிக்க இடம் தருகிறது. 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது அதன் பொது விதி. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டமும் புகாரை எழுத்து வடிவிலேயே கேட்கிறது. நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதைத் தரவேண்டும். எழுத இயலாதவருக்கு உரிய குழுவினரே எழுத உதவவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. நாளும் நேரமும் பதிந்த மின்னஞ்சல்கள் அத்தகைய வேளையில் ஒரு பெண்ணுக்குப் பெருந்துணையாகும்.

எழுதக்கூடாத நேரம்

"பதறாத காரியம் சிதறாது" அல்லவா? கோபத்தில் எழுதிய மடலை வரைவாக வைத்துவிட்டு, மறுநாள் காலை படித்துப் பார்ப்பது நன்று. பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்பினால், தவறிப்போய் அனுப்பிவிடும் அச்சமும் இல்லை. 'அனைவருக்கும் பதில்' என்ற பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை எண்ண வேண்டும். ஒருவரைத் திருத்துவதும், ஒருவருக்கு ஆறுதல் கூறுவதும் நேரில் செய்யத்தக்கவை. கடவுச்சொல்லை எவரிடமும் பகிரலாகாது. நம் பெயரில் போகும் மடலுக்கு நாமே பொறுப்பு.

முடிவுரை

திருக்குறளில் 'தூது' என்பது 69ஆம் அதிகாரம். செய்தியைத் தொகுத்துச் சொல்லி, கடுஞ்சொல் நீக்கி, கேட்பவர் மனம் மகிழப் பேசி, நன்மை விளைவிப்பவரே நல்ல தூதர் என்று அங்கே வள்ளுவர் இலக்கணம் வகுக்கிறார். அது மின்னஞ்சலுக்கும் அப்படியே பொருந்தும். நம் மடல்தான் நமக்காகச் செல்லும் தூது. ஆகவே தோழியரே, கடிதப் பயிற்சியை மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்காமல், வாழ்வுக்காகவும் கற்போம். சுருக்கமாக எழுதுவோம், பணிவாக எழுதுவோம், உண்மையை அஞ்சாமல் எழுதுவோம்!