கருவியும் காண்பவனும்

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதை, வாளையாறு எல்லைப் பகுதியில் காட்டின் ஊடே செல்கிறது. 2021 நவம்பர் 26 அன்று இரவு, மதுக்கரையை அடுத்த நவக்கரையில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டன. பின்னர் தமிழக வனத்துறை மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்கள் நிறுவி, உடல் வெப்பத்தை உணரும் கேமராக்களைப் பொருத்தியது. 2024 பிப்ரவரியில் அவை இயங்கத் தொடங்கின. இருளில் யானை தண்டவாளத்தை நெருங்கினால் கணினி அதனை இனங்கண்டு கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கிறது. செய்தி ரயில் ஓட்டுநரை எட்ட, வண்டியின் வேகம் குறைகிறது.

இதற்குச் 'செயற்கை நுண்ணறிவு' என்று பெயர். அறிவு என்று சொல்லிவிட்டதால், மனிதனுக்குள்ளது போன்ற மனம் இயந்திரத்திற்கும் உண்டா என்ற கேள்வி எழுகிறது. உரையாடலில் மனிதனிடமிருந்து வேறுபடுத்த இயலாவிட்டால் இயந்திரம் சிந்திப்பதாகவே கொள்ளலாம் என்ற கருத்தை ஆலன் டூரிங் 1950-இல் முன்வைத்தார். சீனமொழி அறியாதவர்கூட விதிநூலைப் பார்த்துச் சீனத்தில் பிழையின்றி விடை எழுதலாம், அதனால் மொழி புரிந்ததாகிவிடாது என்று ஜான் சர்ல் 1980-இல் மறுத்தார்.

வேதாந்தம் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கையும் அது அந்தக்கரணம், அதாவது உட்கருவி என்கிறது. கருவி தன்னளவில் ஜடமே. ஆகவே நினைவில் வைத்தல், இனம் பிரித்தல், முடிவு கூறல் ஆகியவற்றை வெளியிலுள்ள ஒரு கருவி செய்வதில் வேதாந்திக்குப் பெரிய வியப்பு இல்லை. அறியப்பட்டது யாருக்கு என்பதே அவனது வினா. சுவரில் தெரியாத முகம் கண்ணாடியில் தெரிவதுபோல, நுட்பமான அந்தக்கரணத்தில் சைதன்யம் பிரதிபலிக்கிறது. அதனால்தான் 'நான் கண்டேன்' என்ற அனுபவம் பிறக்கிறது. கேமராவிலும் யானையின் உருவம் பதிகிறது. ஆனால் திரையில் அதைக் காணும் ஊழியரின் நெஞ்சு பதறுகிறது; கோபுரம் பதறுவதில்லை. என்றேனும் ஓர் இயந்திரம் 'பதறுகிறேன்' என்று எழுதிக் காட்டலாம். எழுதியதை மட்டும் கொண்டு, உள்ளே ஒரு சாட்சி உண்டென நிறுவ இயலாது.

யானையின் நிலை வேறு. எல்லா ஜீவர்களுக்கும் அந்தக்கரணம் உண்டு என்பதே சாஸ்திரத்தின் துணிபு. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசி தேடிக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை, 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் பூட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். மே 27 அன்று அது எல்லை கடந்து கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் மீண்டும் பிடிக்கப்பட்டு முண்டந்துறைக் காட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. யானை நிற்கும் இடத்தைக் காலர் தெரிவித்தது. பழகிய காட்டை அது தேடியதா என்பது காலர் அறியக்கூடியதன்று. அதைப் பூட்டியவர்களோ கேட்டுப்பார்த்திருக்கலாம்.