கிட்னி நோயாளிக்குக் கவலை சகஜமா?

நம்பிக்கை: "கிட்னி போனவன் சிரிச்சுக்கிட்டா இருப்பான்? கவலை இருக்கத்தான் செய்யும்."

உண்மை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வன்னியம்பட்டி என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் மற்ற மூவருக்கு இல்லை. வந்தவருக்கு ஏன் வந்தது என்று பார்க்க வேண்டாமா?

நம்பிக்கை: "டயாலிசிஸ் போட்டு உப்பு இறங்கிட்டா எல்லாம் சரியாயிரும்."

உண்மை: இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், ஹார்மோன் சுரக்காது. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் பெருமளவு சிறுநீரகத்தில்தான் உருவாகிறது. அது குறைந்தால் ரத்தசோகை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், பேரப்பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தால்கூட எரிச்சல் வரும். வைட்டமின் டி-யைச் செயல்பட வைப்பதும் சிறுநீரகமே. அதுவும் குறைந்து, ரத்தத்தில் பாஸ்பரஸும் ஏறினால் பாராதைராய்டு ஹார்மோன் எகிறும். எலும்பு வலி, அரிப்பு, தூக்கமின்மை பின்னாலேயே வரும். (பால்கோவாவில் பாஸ்பரஸ் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் இதைச் சொல்லத் தனித் தைரியம் வேண்டும்.) தைராய்டு குறைபாடும் சிறுநீரக நோயாளிகளிடம் அதிகம், அதன் மந்தம் பார்வைக்கு மனச்சோர்வு போலவே இருக்கும்.

யாரும் வாய்திறக்காத விஷயம் ஒன்று உண்டு. புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தப்புகிறது. தாம்பத்தியத்தில் நாட்டம் போய்விடும். கணவர் மனைவியிடம் சொல்வதில்லை, இருவரும் டாக்டரிடம் சொல்வதில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்று லாட்ஜ் வைத்தியரிடம் போய், என்ன கலந்தது என்றே தெரியாத லேகியம் வாங்கினால் மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

நம்பிக்கை: "அப்ப ஹார்மோனைச் சரிபண்ணினா போதும்."

உண்மை: போதாது. நோயால் மில் வேலை போன துக்கத்துக்கு ஊசி கிடையாது.

நம்பிக்கை: "மனசு மாத்திரை கிட்னியைக் கெடுத்துரும்."

உண்மை: லித்தியத்தில் அந்த அபாயம் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் அந்த வகை அல்ல. ஆனால் அது எல்லாருக்கும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஆய்வில், டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது பலன் தரவில்லை. 2019-இல் வந்த இன்னொன்றில், டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பேச்சு சிகிச்சையைவிடச் சற்றே கூடுதல் பலன், பக்கவிளைவும் கூடுதல். யாருக்கு எது, எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவரும் மனநல மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அடுத்த டயாலிசிஸின்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பாராதைராய்டு பரிசோதனை பற்றிக் கேளுங்கள். "இனி டயாலிசிஸ் வேண்டாம்", "செத்தாப் போதும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.