குளியலறையே டார்க் ரூம்: பெரிய நெகட்டிவுக்குச் சில கைக்குறிப்புகள்

தாள் தாளாக ஃபிலிம் போடும் பெரிய கேமராவில் ஆசை வந்ததும் பலரும் முதலில் என்லார்ஜர் என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். அது இப்போதைக்கு வேண்டாம். 4 × 5 அங்குல நெகட்டிவ், 35 மி.மீ. நெகட்டிவைவிடப் பரப்பில் ஏறக்குறைய 13 மடங்கு பெரியது. ஃபோட்டோ பேப்பரின் மேல் அப்படியே படிய வைத்து விளக்கைப் போட்டால், கையில் வைத்துப் பார்க்கும் அளவில் பிரிண்ட் தயார். ஒரு குளியலறை, மூன்று டிரே, ஒரு கண்ணாடி இருந்தால் தொடங்கிவிடலாம்.

1. பழைய ஸ்டுடியோ மரக் கேமரா எங்காவது பரணில் கிடைத்தால் விடாதீர்கள். அவற்றில் பல ஹாஃப் பிளேட் (4¾ × 6½ அங்குலம்) அல்லது ஃபுல் பிளேட் (6½ × 8½) அளவுக்குச் செய்தவை. அந்த அளவில் ஃபிலிம் கிடைப்பது கடினம்தான். ஆனால் ஃபோட்டோ பேப்பரையும் எக்ஸ்-ரே ஃபிலிமையும் எந்த அளவுக்கும் வெட்டிக்கொள்ளலாமே! புதிதாக வாங்குபவர்கள் 4 × 5 கேமராவும் 150 மி.மீ. லென்ஸும் எடுத்தால் போதும்.

2. வாங்குமுன் பெல்லோஸைப் பாருங்கள். இருட்டறையில் அதற்குள் டார்ச்சை விட்டு, முழுக்க விரித்து, மடிப்பு மூலைகளைக் கவனியுங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. ஒன்றிரண்டை கறுப்புத் துணியும் பசையும் அடைத்துவிடும். நட்சத்திர வானம் மாதிரி தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

3. கிரவுண்ட் கிளாஸில் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். ஒரு வாரத்தில் பழகிவிடும். தலையில் போர்த்தும் கறுப்புத் துணிக்கு வெளிப்பக்கம் வெள்ளைத் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் வெறும் கறுப்பைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

4. முதல் மாதம் ஃபிலிம் வாங்கவே வேண்டாம். கறுப்பு-வெள்ளை ஃபோட்டோ பேப்பரையே ஃபிலிம் ஹோல்டரில் போட்டு எடுங்கள். இதுதான் தாள் நெகட்டிவ். இது மட்டமான குறுக்குவழி இல்லை. 1850-களில் பர்மாவையும் தென்னிந்தியக் கோயில்களையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகிட்ட தாள் நெகட்டிவில் வேலை செய்தவர். சிவப்பு விளக்கில் டிரேயில் உருவம் எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தப்பு எங்கே நடந்தது என்பதும் உடனே தெரியும். இருட்டில் ஃபிலிமைக் கழுவிக்கொண்டிருந்தால் இந்தப் பாடம் கிடைக்காது.

5. 8 × 10 பேப்பரை நாலாக வெட்டினால் சரியாக 4 × 5 வரும். ஆனால் ஹோல்டருக்குள் போகாது! நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மி.மீ. குறைத்து வெட்டுங்கள்.

6. பேப்பரின் வேகம் மிகக் குறைவு. மீட்டரில் ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துத் தொடங்குங்கள். நல்ல வெயிலில் லென்ஸை எஃப்/64-க்குச் சுருக்கினால் இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அதனால் ஷட்டர் கெட்டுப்போன லென்ஸும் உதவும். மூடியைக் கழற்றி, எண்ணி, மூடிவிடுங்கள். பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, எனவே உதடும் குங்குமமும் கறுத்து விழும். உச்சி வெயிலில் வெள்ளை வெளுத்து, கறுப்பு அடைத்துப் போகும். மேகமூட்டமோ திண்ணை நிழலோதான் இதற்கு ஏற்றது.

7. இருட்டைச் சோதிக்க, விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறையில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகிய பிறகுதான் கதவிடுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் சந்தும் தெரியவரும். ராத்திரியில் வேலை செய்தால் பாதித் தொல்லை இல்லை.

8. சிவப்புச் சாயம் பூசிய ஜீரோ வாட் பல்பை நம்பாதீர்கள். சாயத்தின் ஊடே வெள்ளை ஒளி கசியலாம். பேப்பர்த் துண்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அந்த விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் பல்பை மாற்றுங்கள்.

9. டிரேக்களின் வரிசை: டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்சர். ஒவ்வொன்றுக்கும் தனி இடுக்கி. ஃபிக்சர் ஒரு சொட்டு டெவலப்பரில் விழுந்தாலும் கெடுதல்தான். சமையலறையில் இருந்து எடுத்த பாத்திரம் திரும்ப அங்கே போகக் கூடாது.

10. ஸ்டாப் பாத்துக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் போதும். ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர்.

11. ஹோல்டரில் டார்க் ஸ்லைடின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் இன்னும் எடுக்காத ஃபிலிம். கறுப்பு என்றால் எடுத்தாகிவிட்டது. ஃபிலிம் தாளின் ஓரத்தில் வெட்டுக்குறி இருக்கும். தாளைச் செங்குத்தாகப் பிடித்து, அந்தக் குறி வலது மேல் மூலைக்கு வந்தால் எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது. வீணான ஒரு தாளை வைத்துப் பகலில் இருபது தடவை, கண்ணை மூடி இருபது தடவை போட்டுப் பழகுங்கள்.

12. பிரிண்டில் கறுப்புப் புள்ளியா? படமெடுக்கும்போது ஃபிலிம் மேல் தூசி இருந்திருக்கிறது. வெள்ளைப் புள்ளியா? பிரிண்ட் போடும்போது வந்த தூசி.

13. அடுத்த படி எக்ஸ்-ரே ஃபிலிம். மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் 8 × 10 அங்குலப் பெட்டியாகக் கேளுங்கள். கணினி வழியே அச்சாகும் டிரை ஃபிலிம் நமக்கு உதவாது. மருந்தில் போட்டு டெவலப் செய்யும் பழைய வகைதான் வேண்டும். பச்சை ஒளிக்கு உணர்வுள்ளது என்றால் சிவப்பு விளக்கிலேயே வெட்டலாம், கழுவலாம். பெரும்பாலும் இரண்டு பக்கமும் எமல்ஷன் இருக்கும். நகம் பட்டாலே கீறும். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே தாளைக் கழுவுங்கள்.

14. ஃபிலிம் டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாம். 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் மாணவர்களும் காபியில் டெவலப் செய்து காட்டினார்கள். பிறகு பலர் கைபட்டு உருவான அளவு இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீர் நீக்கிய சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். சோடா முதலில், காபி கடைசியில். 20 டிகிரியில் 15 நிமிடம். எக்ஸ்-ரே ஃபிலிமுக்கு ஒரு தாளைச் சோதித்து நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். காபி சிக்கரி கலக்காததாக இருக்க வேண்டும். ஃபில்டர் காபிப் பொடி வேண்டவே வேண்டாம். கற்கண்டு போல் படிகமாக இருக்கும் சோடா என்றால் எடையை 2.7 மடங்காக்குங்கள். சலவை சோடா வேறு, ஆப்பச் சோடா வேறு. ஒருமுறை அவசரத்தில் டப்பாவை மாற்றி எடுத்தேன். பதினைந்து நிமிடம் ஆட்டியும் ஃபிலிமில் ஒன்றுமே இல்லை. இந்தக் கலவையின் நாற்றத்தைப் பற்றி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று மாலை யாரும் காபி கேட்க மாட்டார்கள்.

15. மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஐஸை நேராக மருந்தில் போட்டால் அளவு நீர்த்துவிடும். கழுவும் தண்ணீரும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். மண்பானைத் தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

16. ஃபிக்சரைப் பழைய ஆட்கள் ஹைப்போ என்பார்கள். அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-இலேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல். புதுக் கரைசலில் ஃபிலிம் துண்டு ஒன்று தெளிவாக எத்தனை நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிலிமை வையுங்கள். தெளிவாகும் நேரமே இரட்டித்துவிட்டால் கரைசலின் ஆயுள் முடிந்தது.

17. இனி பிரிண்ட். பேப்பரின் எமல்ஷனும் நெகட்டிவின் எமல்ஷனும் முகத்துக்கு முகம். மேலே 5 மி.மீ. கண்ணாடி (விளிம்பைக் கடையிலேயே தேய்த்து வாங்குங்கள்). நாலடி உயரத்தில் 15 வாட் பல்பு. எட்வர்ட் வெஸ்டன் தன் 8 × 10 நெகட்டிவ்களை இப்படி ஒரு வெறும் பல்பின் கீழ்தான் பிரிண்ட் போட்டார். முதலில் ஒரு பட்டைப் பேப்பரை வையுங்கள். அட்டையால் மறைத்து நகர்த்தி 2, 4, 8, 16 விநாடி என்று படிப்படியாக ஒளி காட்டுங்கள். சீக்கிரம் கறுக்கிறதே என்று பயந்து பாதியில் எடுக்காமல், டெவலப்பரில் முழு ஒரு நிமிடம் விடுங்கள். எந்தப் படி சரி என்பதை ஃபிக்சருக்குப் பிறகு வெள்ளை விளக்கில் பாருங்கள். காய்ந்தால் பிரிண்ட் ஒரு துளி கறுக்கும். ஈரத்தில் சற்று வெளுப்பாகத் தெரிவதே சரியான படி.

18. போர் தண்ணீர் காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. பிறகு கொடிக் கிளிப்பில் ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள், ஃபேன் வேண்டாம்.

19. மருந்துகளைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, குழந்தைகள் இல்லாத வீடானாலும் சரி. தீர்ந்த ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். செடிக்கோ சாக்கடைக்கோ விடாமல் ஒரு கேனில் சேர்த்து, எக்ஸ்-ரே ஃபிக்சரில் வெள்ளி எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.